காற்றை விசாரித்த கல்லூரி

ராக்கெட் விட்டவர்கள் உலகில் பலர் உண்டு. விட்ட ராக்கெட் திசைமாறிப் போனதற்காகக் காற்றின் மீதே விசாரணைக் குழு அமைத்த பெருமை ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில், நூற்றுக்கணக்கான காற்றாலைகளுக்கு நடுவே, அறிவொளி பரப்பி நிற்கும் ஞானாபரணம் நினைவுப் பொறியியல் கல்லூரி அது. அங்கே உதவிப் பேராசிரியராக இருந்த ஜெனிலாவுக்கும் இந்த வரலாற்றில் ஒரு சிறு இடம் கிடைத்தது. குற்றவாளிக் கூண்டு.

ஜெனிலாவும் பன்னிரண்டு மாணவர்களும் எட்டு மாதம் உழைத்துச் செய்த ராக்கெட்டுக்கு ‘ஞானா-1’ என்று பெயர். எட்டடி உயரம், பதினோரு கிலோ எடை. ஏவுவதற்கு நான்கு நாள் முன்பு தாளாளர் டைட்டஸ் ஞானாபரணம் பார்வையிட வந்தார். அவருக்கு ராக்கெட் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே எந்த முன்முடிவும் இல்லாமல் ஆலோசனை சொல்ல முடிந்தது.

“இந்தக் கம்பு எதுக்கு இவ்வளவு நீளம்?” என்றார், பன்னிரண்டடி அலுமினியத் தண்டைக் காட்டி.

“ராக்கெட் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மேல ஏறும் சார். கிளம்பின உடனே அதுக்கு நேரா போகத் தெரியாது. வேகம் வந்த பொறவுதான் வாலுல இருக்கிற இறக்கை வேலை செய்யும். அதுவரைக்கும் தண்டுதான் துணை.”

டைட்டஸ் பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தண்டுக்குப் பின்னால், மேடையின் மேல், நிறுவனரான அவர் தந்தையின் படம் போட்ட பெரிய பிளக்ஸ் நின்றது.

“அப்பாக்க மொகத்துல சரியா மூக்க மறைக்குது. போட்டோ நல்லா வராது. ஓய் செல்வதாஸ், சவத்த அஞ்சடியா அறுத்து விடும்.”

ஆய்வக உதவியாளர் செல்வதாஸ் ஜெனிலாவைப் பார்த்தார். பிறகு மாதச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு ரம்பத்தை எடுத்தார்.

இரண்டாவது ஆலோசனை, நிறுவனரின் பெயர் பொறித்த மூன்று கிலோ பித்தளைத் தகடு. அதை ராக்கெட்டின் மூக்கருகே பொருத்த வேண்டும். பெரியவர்கள் பெயர் மேலேதானே இருக்க வேண்டும்?

“சார், கனம் கூடினா வேகம் குறையும். அதுலயும் மூக்குல கனம் கூடி, காத்தும் பலமா அடிச்சா, காத்து வாற பக்கமா மூக்கத் திருப்பும்.”

“யாரு, அப்பாவா?”

“ராக்கெட்டு சார்.”

“அப்பா பேரு இருக்கும்போ அது திரும்பாது.”

மூன்றாவது, நேரம். காற்று அடங்கியிருக்கும் காலை ஆறு மணியை ஜெனிலா கேட்டிருந்தாள். சிறப்பு விருந்தினர் மதியச் சாப்பாடு முடிந்துதான் வருவார் என்பதால் மாலை நான்கு மணி என்று முடிவாயிற்று. அவர் கண்ணில் வெயில் படாதிருக்க மேடை மேற்கே போடப்பட்டிருந்தது. ஆடி மாதத்துக் காற்றும் மேற்கிலிருந்துதான் வரும் என்பது தற்செயல்.

ஜெனிலா மூன்று கடிதங்கள் எழுதினாள். தண்டு குட்டை, மூக்கு கனம், காற்று பலம். ராக்கெட் மேற்கே மேடைப் பக்கம் திரும்பும் என்று மூன்றிலும் இருந்தது. நிர்வாகம் மூன்றையும் அன்றன்றே முத்திரை குத்திப் பெற்றுக்கொண்டது. படிப்பதில் நேரத்தை வீணாக்காத நிர்வாகங்களுக்கே அந்தச் சுறுசுறுப்பு வாய்க்கும்.

விழா நாளன்று பந்தல் துணி படபடவென்று அடித்தது. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடை காம்பவுண்டைத் தாண்டிப் பறந்தது. அடுத்த பொன்னாடையை இரண்டு பேராசிரியர்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். காற்று இருப்பதாக யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ஜெனிலா முதல்வர் வைகுண்டராஜனிடம் ஓடினாள்.

“சார், காத்து நாப்பது கிலோமீட்டர் வேகத்துல அடிக்குது. ராக்கெட் தண்டை விட்டு வரும்போ முப்பத்திமூணுதான் இருக்கும். டவுன் பஸ் வேகம். நிப்பாட்டச் சொல்லுங்க சார்.”

“நாலு மணின்னு அழைப்பிதழ்லயே அடிச்சாச்சே, மக்கா.”

ஏவும் பொத்தான் பெட்டியைக் காலையிலேயே தாளாளர் அலுவலகம் வாங்கி, பூ சுற்றி, மேடையில் வைத்துவிட்டது. மேடைக்கு இடப்பக்கம், நாற்காலிகளை நிரப்புவதற்காகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஜெனிலா செல்வதாஸைத் தேடிப் பிடித்தாள்.

“அண்ணே,” என்றாள், “லேப்ல ஐஸ்கிரீம் குடுக்காங்கன்னு சொல்லிப் பிள்ளையள ஒடனே கூட்டிட்டுப் போங்க.”

“லேப்ல ஏது ஐஸ்கிரீம்?”

“இல்ல. போங்க அண்ணே!”

கடைசிப் பிள்ளை கட்டடத்துக்குள் நுழையவும் விருந்தினர் பொத்தானை அழுத்தவும் சரியாக இருந்தது. ஞானா-1 புகையோடு கிளம்பியது. ஐந்தடித் தண்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு கணம் தடுமாறி, மூக்கை மேற்கே திருப்பியது. பிறகு மேடையின் ஓரமாகச் சீறிப் போய், பிளக்ஸின் ஒரு மூலையைக் கிழித்து, பிள்ளைகளின் காலி நாற்காலிகளில் பதினேழை நொறுக்கி, மண்ணில் குத்தி நின்றது. நிகழ்ச்சியில் இதுவும் உண்டென்று எண்ணிச் சிறப்பு விருந்தினர் கைதட்டினார்.

ஜெனிலா தரையில் உட்கார்ந்து உடைந்த நாற்காலிகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

மறுநாளே ‘உண்மை கண்டறியும் குழு’ அமைந்தது. காற்று முன்னறிவிப்பின்றி வீசியதா என்பதைக் கண்டறிவதே அதன் பணி. தாளாளர், முதல்வர், விளையாட்டுத் துறை இயக்குநர் மூவரும் உறுப்பினர்கள். ராக்கெட் தெரிந்தவர் எவரையும் சேர்க்கவில்லை. அவர்கள் உண்மையின் பக்கம் சாய்ந்துவிடக் கூடும். நான்கு அமர்வுகளில் ரசவடை தீர்ந்தபோதெல்லாம் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. ஐந்தாவது அமர்வில் ஜெனிலாவைக் கூப்பிட்டார்கள்.

“பிள்ளையள எதுக்கு எழுப்பிக் கூட்டிட்டுப் போனிய?” என்றார் டைட்டஸ்.

“ராக்கெட் அங்கோட்டு வரும்னு தெரியும் சார்.”

“கேட்டியளா! எங்க யாருக்கும் தெரியாதது இவங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?”

“மூணு கடிதம் எழுதினேனே.”

“அப்போ மூணு தடவ யோசிச்சுத் திட்டம் போட்டிருக்கிய.”

விளையாட்டுத் துறை இயக்குநர் அதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டார். ஐஸ்கிரீம் தரவில்லை என்று பள்ளியிலிருந்து வந்த புகாரும் கோப்பில் சேர்ந்தது. முன்னனுமதியின்றிப் பார்வையாளர்களை அப்புறப்படுத்தியது தனிக் குற்றமாயிற்று.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. முதல்வர் வைகுண்டராஜன் ஜெனிலாவைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு நீட்டினார். முப்பத்தெட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் முடிவு இருந்தது: ‘ராக்கெட் திசை மாறியதற்குக் காரணம் விதி. நிர்வாகத்தில் எவரும் பொறுப்பல்லர். விதிக்கு உடந்தையாக இருந்த உதவிப் பேராசிரியர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’

“கீழ ஒரு கையெழுத்துப் போடணும்,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“சார், நீங்க முப்பது வருஷம் பிசிக்ஸ் எடுத்தவரு. தண்டை அறுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மக்கா.” மேசையிலிருந்த காகிதங்களைச் சரி செய்தார். “எனக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

ஜெனிலா பேனாவை வாங்கினாள். ‘காரணம் விதி’ என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்த இரண்டு வரிகளையும் அழுத்தி அடித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

“விதின்னு போட்டத எப்பிடி நீ ஒத்துக்கிடுகே?” என்றார் முதல்வர், திகைத்துப்போய்.

“விதிதான சார் காரணம்? நியூட்டன் எழுதின மூணு விதி,” என்று எழுந்தாள் ஜெனிலா. “அன்னைக்கு அந்த மைதானத்துல விதிப்படி நடந்தது ராக்கெட் ஒண்ணுதான்.”