கைலாஷின் ஒருநாள் ஆசாரம்

பாளையம் தேவாலயத்தின் கோபுரம் உச்சிச் சிலுவையோடு ஒரே படத்துக்குள் வரவேண்டுமானால், முற்றத்தில் மல்லாந்து படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைலாஷ் அப்படிப் படுத்திருந்தபோதுதான் அம்மாவின் ஃபோன் வந்தது.

"எங்கேடா இருக்கே?" சீதாலக்ஷ்மி கிசுகிசுத்தாள். வீட்டில் தனியாக இருக்கும்போதும் அவள் கிசுகிசுத்தால் விஷயம் பெரிது.

"படுத்துண்டிருக்கேன்."

"எங்கே?"

"வெயில்ல."

"எழுந்திரு! கரமனையிலேர்ந்து பொண்ணோட மாமா வந்துட்டுப் போனார். சாம்பசிவன். நீ ஞாயித்துக்கிழமை தோறும் சர்ச்சுக்குப் போறது வாஸ்தவமான்னு கேட்டார்டா! பாளையம் கணபதி கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன். அங்கேயே போய்ப் பாக்கறேன்னு அப்பவே கிளம்பிட்டார், உனக்கு இப்பத்தான் லைன் கிடைச்சுது."

"ஏம்மா பாளையம்னு சொன்னே?"

"நீதானே காலம்பற பாளையம்னு சொன்னே? நான் முழுப் பொய் சொல்லமாட்டேன்."

கைலாஷ் ஆடிட்டர் ஆபீசில் வாரத்தில் ஆறு நாள் பிறர் கணக்கைப் பார்ப்பவன். ஏழாவது நாள் காமிராவைத் தூக்கிக்கொண்டு தேவாலயம், பழைய கச்சேரிக் கட்டடம், மணிக்கூண்டு என்று அலைபவன். அதில் இதுவரை யாருக்கும் சேதமில்லை. ஆனால் போன மாதம் கரமனையில் பத்மஜாவைப் பெண் பார்த்தார்கள். மொட்டைமாடியில் அவள் பேசினாள், இவன் "ஆமா" என்றான். மறுபடி அவள் பேசினாள், இவன் மறுபடி "ஆமா" என்றான். கீழே இறங்கும்போது, கட்டினால் இவளைத்தான் என்று முடிவாகிவிட்டது, இவன் தரப்பில். அந்தத் தரப்பின் பதில் இன்னும் வரவில்லை. அக்கிரகாரத்துப் பையன் மதம் மாறிவிட்டான் என்று யாரோ கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். பதில் எப்படி வரும்?

எழுந்திருக்கப் போனவனுக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே பட்டைபட்டையாக விபூதி.

"சீதாலக்ஷ்மி மாமி பையன்தானே? நான் சாம்பசிவன். கோயில்ல தேடினேன், காணல. இங்கே யாரோ விழுந்து கிடக்கறாரேன்னு…"

"தலை சுத்தித்து மாமா. கணபதியைத் தரிசனம் பண்ணிட்டு வரச்சே விழுந்துட்டேன்."

"ரோட்டைத் தாண்டி வந்தா விழுந்தேள்?"

"பெரிய சுத்தல் மாமா."

சாம்பசிவன் காமிராவைப் பார்த்தார். அவர் அவசரமே அறியாத மனிதர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துவிட்டு ரோட்டைக் கடப்பவர்போல நிதானமாகத்தான் முடிப்பார்.

"அதாவது… விஷயம் என்னன்னா…"

அதற்குள் தேவாலயத்துப் பக்கவாசல் திறந்து திரவியம் ஓடிவந்தார். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"எந்தா கைலாசே, போன ஞாயிறு கண்டில்லல்லோ! ஃபாதர் ரெண்டு தடவை உன்னைக் கேட்டாரு. உனக்காக்கும் மணிக்கூண்டு சாவியைத் தனியா எடுத்து வச்சிருக்கேன்!"

கைலாஷ் அவரை முன்பின் பார்த்திராதவன்போலப் பார்த்தான். "இவர் யாருன்னே தெரியல மாமா."

திரவியத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆரா? தெரியாதா? கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுல கேக்கு தின்னது ஆரு? ஒயின் ஊறின கேக்கு! 'அண்ணாச்சி, இன்னொரு துண்டு'ன்னு கேட்டு வாங்கினது ஆரு?"

"அதுல முட்டை இல்லைன்னு சொன்னீங்களே!" என்று கைலாஷ் கத்தினான். கத்திய பிறகுதான், தெரியாத மனிதரிடம் அப்படிக் கத்த முடியாது என்று உறைத்தது.

சாம்பசிவனின் புருவம் ஏறியது. கண்ணில் ஏதோ மினுங்கியது. கோபம் என்று கைலாஷ் குறித்துக்கொண்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே பாய்ந்தான். நின்ற முதல் ஆட்டோவுக்குள் அவரைத் திணித்துத் தானும் ஏறி, "கிழக்கேகோட்டை! பத்மநாப சுவாமி கோயில்!" என்றான். போகிற வேகத்தில் யார் ஆட்டோ என்று பார்க்கவில்லை.

அது ஹரிகுமாருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைலாஷை ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிற அதே ஹரிகுமார். கோயில் என்று கைலாஷ் சொன்னதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, வண்டியை நேர் எதிர்த்திசையில் திருப்பினான்.

"சாரே, கருங்கல் சர்ச்சில் இப்பத்தான் நல்ல வெயில். அரை மணிக்கூர் கழிஞ்சா போயி. முதல்ல அதை எடுத்துக்கோ." பிறகு கண்ணாடி வழியாக சாம்பசிவனைப் பார்த்துப் பெருமையோடு சொன்னான்: "மாமா, இந்த சாரை எல்லா சர்ச்சுக்கும் கொண்டுபோனது நானாக்கும்! வெட்டுகாடு, வலியதுறை, அஞ்சுதெங்கு… நம்ம பிஷப்பு கூட இத்தனை சர்ச்சு கண்டிருக்காது, கேட்டோ!"

"ஆடிட் மாமா," என்றான் கைலாஷ். "கணக்குப் பாக்கப் போவேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அன்னிக்குத்தான் எல்லாரும் ஒரே இடத்துல இருப்பா."

"காமிரா எதுக்கு?"

"கணக்குல கட்டடம்னு எழுதியிருந்தா, கட்டடம் இருக்கான்னு பாக்கணுமில்லையா?"

சாம்பசிவன் யோசித்தார். "அதாவது… நான் கேக்க வந்தது…"

"வண்டியைத் திருப்பு, ஹரி! கோயில்! நிஜமாவே கோயில்!"

ஹரிகுமார் அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து வண்டியைத் திருப்பினான். தலைமைச் செயலகம் வந்தது. அந்த வெள்ளைத் தூண்கள்மேல் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. வாரம் தவறாமல் கைலாஷ் இதற்காகக் காத்திருப்பான், வாரம் தவறாமல் எவனாவது கொடியோடு குறுக்கே நிற்பான். இன்று ஈ காக்கை இல்லை. கைலாஷ் கண்களை இறுக மூடிக்கொண்டான். விரலுக்குக் கண் இல்லையே, அது அமுக்கிவிட்டது.

டிக்.

"என்ன சத்தம்?"

"ஜபமணி மாமா."

டிக். டிக்.

"ரொம்பத்தான் ஜபிக்கறேள்," என்றார் சாம்பசிவன். அவர் குரலில் கொஞ்சம் சோர்வு தட்டியிருந்தது. நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று கைலாஷுக்குத் தெம்பு வந்தது.

கிழக்கேகோட்டையில் இறங்கியதும் பேண்ட்டோடு உள்ளே விடமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கடையில் ஒரு வேஷ்டி வாங்கி, கடையின் மறைப்பிலேயே மாற்றிக்கொண்டு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பூணூல் இருந்தது. காலையிலிருந்து அவன் காட்டியவற்றில் அது ஒன்றுதான் நிஜம்.

வாசலுக்குப் போனால், நடை சாத்தியாகிவிட்டது. இனி சாயங்காலம்தான்.

"பரவாயில்லை, மாத்யான்னிகம் பண்ணிடறேன்," என்று தீர்த்தக்குளத்தோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகுதான் உச்சிவேளை மந்திரத்தில் முதல் வரிகூடத் தெரியாது என்பது தெரிந்தது. தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆபீசில் தினமும் புரட்டும் ஜி.எஸ்.டி. சட்டம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தான்:

"ஸெக்ஷன் ஸிக்ஸ்டீன்… ஸப்ஸெக்ஷன் ஃபோர்… இன்புட் டாக்ஸ் க்ரெடிட்டம்…"

சாம்பசிவன் காதைக் கொடுத்துக் கேட்டார். "இது என்ன பாடம்? நான் கேட்டதில்லையே?"

"புதுப் பாடம் மாமா. ரெண்டாயிரத்துப் பதினேழுல வந்தது."

இதற்குள் சுற்றுலா வந்த ஒரு கூட்டம் நின்று, குளத்தையும் கோபுரத்தையும் தவம்செய்யும் கைலாஷையும் சேர்த்துப் படமெடுக்கத் தொடங்கியது. எடுத்த பெண்மணி ஃபோனைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கைலாஷ் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கோ! கோபுரம் வெட்டுப்படறது! ஃபோனைச் சாய்க்காதேங்கோ!"

சாம்பசிவனின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் பரவியது. "அப்போ உங்களுக்கு அதுல நிஜமாவே…"

கண்டுபிடித்துவிட்டார்! பத்மஜா மொட்டைமாடியோடு சேர்ந்து தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தாள். இனி அரைகுறை வைத்தியம் பலிக்காது.

"மாமா, ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஆமா, சர்ச்சைப் படமெடுத்தேன். புத்தி கெட்டுப்போய் எடுத்தேன். இதோ பாருங்கோ."

காமிராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டி ஒவ்வொன்றாய்த் தள்ளினான். விடியற்காலைக் கடலுக்கு முன்னால் வெட்டுகாடு. மழையில் நனைந்த கருங்கல் வளைவு. திரவியம் கயிற்றைப் பிடித்துத் தொங்க, நடுவில் உறைந்து நின்ற மணி. வீட்டுக் கம்ப்யூட்டர் இடிவிழுந்து செத்ததிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் இந்த நகம் அளவு மெமரி அட்டைக்குள்தான் குடியிருந்தன.

"அடடா," என்றார் சாம்பசிவன் மெதுவாக. "இது…"

"அபசாரம்தான். தெரியும். இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன். உங்க கண் முன்னாலேயே அழிச்சுடறேன்."

"இருங்கோ, இருங்கோ, கொஞ்சம்…"

காமிரா மரியாதையாகக் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கலாமா? கைலாஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆம் என்றான். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடியது. மூன்று வருஷம் இருந்த இடத்தில், படம் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

சொல்வதற்குப் பொய்யும் மிச்சமில்லாததால், கைலாஷ் அன்று முதன்முறையாக வாயை மூடிக்கொண்டான்.

அந்த அமைதி நிஜம்தானா என்று சாம்பசிவன் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு குடையை மடக்கி, பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் தொடங்கிய வாக்கியத்தை ஒருவழியாக முடித்தார்.

"அதாவது… விஷயம் என்னன்னா… 'இவர் ஞாயித்துக்கிழமையானா சர்ச்சு சர்ச்சாப் படமெடுக்கப் போறாராமே, அது மட்டும் நிஜமாயிருந்தா எனக்குச் சம்மதம், சதா ஜபம் பண்ற ஆளா இருந்தா வேண்டவே வேண்டாம், நீயே நேர்ல பாத்துட்டு வா மாமா'ன்னு பத்மஜா என்னை அனுப்பினா."