வேன் அக்கா வீட்டு வாசலில் நான் பார்த்த உத்தியோகம்

வீட்டில் இருப்பவர்களை ஹார்ன் அடித்துச் சாப்பிடக் கூப்பிட்ட பெண்மணி, எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் ஸ்கூடாய் ஊர் வேன் அக்கா ஒருவர்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஒரு ஹார்ன் என்றால் தேநீர், இரண்டு என்றால் சோறு. நீளமாக அடித்தால் கொடியில் துணி நனைகிறது. அநேகமாக என் துணி.

அந்த வீட்டுக்கு நான் மாணவனாகப் போனேன். வயது அறுபத்திரண்டு. முப்பத்து நான்கு ஆண்டு அரசு அலுவலகத்தில் மனுக்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றபின், மூன்று மாதம் மலாய் படிக்க மதுரையிலிருந்து வந்திருந்தேன். மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்க வைப்பது வகுப்பின் ஏற்பாடு. படிவத்தில் வயதைத் தெளிவாகவே எழுதியிருந்தேன். அக்கா படிவம் படிக்கிற ஆள் இல்லை.

முதல் நாளே தண்ணீர்ப் போத்தலில் என் பெயரை ஒட்டி, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். "ஸ்டூடன், பெல்ட் போடுங்க லா!" என்னைவிட இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

மூன்றாம் நாள் முறுக்கு சுட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். பெக்கோக் ஊரில் ஓர் அண்ணன். தன் மகள் கல்யாணத்துக்கு அக்கா நேரில் போய் அழைக்காமல், பத்திரிகையைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். அண்ணன் வரவில்லை. ஆறு வருடமாகப் பேச்சும் இல்லை.

"நேர்ல போய்ப் பேசலாமே?"

"போனேன். வாசல் கேட்டக்கூட தொறக்கல. நாளைக்கு தீபாவளி ஓப்பன் ஹவுஸ் லா. அதுக்கு யாரும் யாரையும் கூப்பிட வேணாம். மனசு இருந்தா வரலாம்ல? வருசா வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

காதில் விழுந்தது. மூளையில் ஏறவில்லை.

தீபாவளியன்று சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். ஒரு குடும்பம் கை கழுவிக் கிளம்பிய பிறகு, அவர்கள் யாரென்று அக்காவுக்கே தெரியாது என்று தெரிந்தது. எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டான். வகுப்பு நோட்டில் கோடு போட்டேன்: பெயர், ஊர், அழைத்தவர், உறவு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இதுவும் தீபாவளிச் சடங்கில் ஒன்று என்று சீனர்கள் நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

மதியம் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், கையில் பழப்பையோடு கேட்டருகே தயங்கி நின்றார். பெயரைச் சொன்னார், ஊர் பெக்கோக் என்றார். எழுதிக்கொண்டேன். எழுதும்போது யோசிக்கும் பழக்கம் எனக்கு சர்வீஸிலேயே இருந்ததில்லை.

"யார் அழைச்சாங்க?"

"யாரும் அழைக்கல."

"வீட்டுக்காரம்மாவுக்கு என்ன உறவு?"

வீட்டைப் பார்த்தபடி சொன்னார். "அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

'உறவு: தெளிவில்லை' என்று எழுதினேன். "கொஞ்சம் வெளியே நில்லுங்க. விசாரிச்சுச் சொல்றேன்." அதற்குள் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று வந்தது. முறைப்படி ஐவரையும் பதிந்துவிட்டு நிமிர்ந்தேன். கேட்டில் பழப்பை மட்டும் தொங்கியது.

எனக்குத் தேநீர் கொண்டுவந்த அக்கா நோட்டைப் பார்த்தார். "அலமாக், அய்யய்யோ! எங்கண்ணன்!"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "வண்டியில ஏறுங்க" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா இறங்கிப் போய் "அண்ணே" என்றார்.

"வாசல்ல விசாரணைக்கு ஆள் வச்சிருக்க. யார் கூப்பிட்டான்னு என்னையே கேக்கறான்!"

வேனுக்குள் நான் முன் இருக்கைக்குப் பின்னால் குனிந்தேன். சிறுபிள்ளைகளுக்கான இருக்கை, மறைந்தது முழங்கால் மட்டும்தான். யாரோ கிறுக்கன், இன்றோடு அனுப்பிவிடுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம். விதிப்படி முழு உரிமை உண்டு.

"அது நம்ம வீட்டுப் பிள்ளைண்ணே. வந்து நாலு நாள்தான் ஆச்சு. நான்தான் சரியா சொல்லிக் குடுக்கல. தப்பு எம்மேலதான்."

பெரியவர் என் நரைத்த தலையை எட்டிப் பார்த்தார். "இவனா பிள்ளை?"

சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமலே ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முப்பத்து நான்கு ஆண்டு சர்வீஸில், என் தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அதற்கு நான் கடல் தாண்டி ஸ்கூடாய்க்கு வர வேண்டியிருந்தது.