கேட்டால் மட்டும் கணக்குப் போடும் கணினிகள்

ஒரு காட்டில், தலையாட்டத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பதவி கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், தணிகாசலம் என்ற கீரி மட்டும் நிஜமாகவே படித்துப் பாஸாகிக் கணினித் துறைக்குத் தலைமை ஏற்றது. பாவம், விதி யாரை விட்டது!

ஐப்பசி மழை நெருங்கியது. ஆறு பெருகினால் யார் யார் வீட்டில் தண்ணீர் புகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றது சிங்கம்.

"பொழுது சாயறதுக்குள்ள கணக்கு வரணும். வரலைன்னா, சாப்பாட்டுக்கு நான் வேற எங்கயும் போகப் போறதில்ல," என்று கீரியை மேலும் கீழும் பார்த்தது.

ஒரே கணினியில் போட்டால் கணக்கு முடிவதற்குள் தை பிறந்துவிடும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்று கீரி முடிவு செய்தது. கரடியின் குகை, குரங்கின் மரம், முள்ளம்பன்றியின் வளை என்று அங்கங்கே கிடந்த கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஆளுக்கொரு துண்டாகக் கணக்கைப் பிரித்துக் கொடுத்தது.

கணினிக்கு வேலை சொல்லக் கீரி எடுத்தது ஃபங்ஷனல் வகை நிரல்மொழி. அதில் ஒருமுறை வைத்த மதிப்பை யாரும் மாற்ற முடியாது. அதனால் நீ எழுதியதை நான் அழித்தேன் என்ற பஞ்சாயத்தே கிடையாது. இன்னொரு பெருமையும் உண்டு. விடை வேண்டும் என்று யாராவது கேட்கும்வரை அது ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. வீண் வேலை செய்யாத மொழி என்று கீரி போகிற இடமெல்லாம் அதைப் புகழ்ந்து தள்ளும்.

கண் மூடித் திறப்பதற்குள் எல்லாக் கணினிகளிலிருந்தும் "முடிந்தது" என்று செய்தி வந்து விழுந்தது. கீரி குதியாட்டம் போட்டுக்கொண்டே, கூடவே வந்த விடைப் பொட்டலங்களைத் திறந்தது.

ஒன்றிலும் விடை இல்லை. 'மழையளவைப் பெருக்கு, மேட்டின் உயரத்தைக் கழி, வேண்டும்போது போட்டுக்கொள்' என்று செய்முறைதான் இருந்தது. திறந்த பாவத்துக்கு அத்தனை கணக்கும் கீரியின் ஒற்றைக் கணினி தலையில் இறங்கியது. அது முனகியது, கொதித்தது, புகைந்து அணைந்தே போனது.

கீரி கரடியிடம் ஓடியது. "என்னப்பா, விடை எங்க?"

"அனுப்பத்தானேண்ணே சொன்னீங்க? போட்டு அனுப்பச் சொல்லலையே," என்றது கரடி, தேனை நக்கியபடி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனிமேல் கணக்குப் போட்டு முடிக்க நேரமில்லை. கீரிக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே கரடியின் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்தச் செய்முறைகளையெல்லாம் ஒரே பொட்டலமாக்கி, மேலே "முடிந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டுச் சிங்கத்துக்கு அனுப்பியது.

சிங்கம் தலைப்பைப் படித்தது. "பலே!" என்றது. உள்ளே திறந்து பார்க்காமல் வேறெங்கோ சாப்பிடப் போய்விட்டது.

மழை வந்தது. முதலில் மூழ்கியது சிங்கத்தின் குகைதான். பாறைமேல் நனைந்த பிடரியோடு உட்கார்ந்து, காடே கூடியிருக்கக் கீரியைப் பார்த்து உறுமியது.

"என் குகைக்குள்ள தண்ணி வரும்னு உன் கணக்குல இருந்துச்சா, இல்லையா?"

கீரிக்குப் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"எல்லாமே அதுக்குள்ளதான் இருக்கு, மகாராஜா. நீங்க திறந்து பாக்கலையா?"

கூட்டம் மொத்தமும் சிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. சிங்கம் கனைத்துக்கொண்டது.

"பாக்காம இருப்பேனா? வரி வரியாப் படிச்சேன். ரொம்ப நாளா நீச்சல் பழகணும்னு ஒரு ஆசை, அதான் குகையிலயே இருந்துட்டேன்."

மறுநாளே கீரி மந்திரியானது.

நீதி: திறந்து பார்க்காதவரை எல்லா வேலையும் முடிந்த வேலைதான்.