திருப்தி வரும்வரை

1999-இல் மலாக்காவில் ஒரு வீட்டு உதவி அலுவலகம் இணையத்தில் ஏறியது. மற்ற ஆபிஸ்களெல்லாம் ஏறிவிட்டன, நாம் மட்டும் தரையில் நிற்பதா என்று அதிகாரி சேகரன் கவலைப்பட்டதே காரணம்.

இணையப் பக்கத்தை எழுதும் வேலை புதிதாகச் சேர்ந்த பவானேஸ்வரிக்கு வந்தது.

"விண்ணப்பம் திருப்தியா வர்ற வரைக்கும் விண்ணப்பப் பாரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டணும்," என்றார் சேகரன்.

"எப்போ நிறுத்துறது சார்? நிபந்தனை மாறலேன்னா கம்ப்யூட்டர் சுத்திக்கிட்டே இருக்கும்."

"எனக்குத் திருப்தி வந்ததும் நிறுத்தலாம்."

"எப்போ வரும் சார்?"

இருபத்தெட்டு ஆண்டு சேவையில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "அதைக் கமிட்டி முடிவு பண்ணும். விண்ணப்பம் உள்ளே வந்தாத்தான் கமிட்டி கூடும்."

"திருப்தி வந்தாத்தானே சார் விண்ணப்பம் உள்ளே வரும்?"

"அதைத்தான்லா நானும் சொல்றேன்."

பவானேஸ்வரி சொன்னபடியே எழுதினாள்.

முதலில் வந்தவர் மாயாண்டி. பெம்பான் பக்கம் அவர் வேலைசெய்த தோட்டத்தை விற்றுவிட்டார்கள்; தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்யவேண்டும். கவுண்டர் கம்ப்யூட்டரில் பாரத்தை நிரப்பினார். 'மதிப்பிற்குரிய விண்ணப்பதாரரே, மீண்டும் நிரப்புக' என்று வந்தது. மறுபடி நிரப்பினார். பத்தாவது தடவை, இதிலாவது திருப்தி வரட்டும் என்று அப்பா பெயரை மாற்றிப் பார்த்தார்.

"அண்ணே, அப்பாவை மாத்தாதீங்க," என்று பவானேஸ்வரி தடுத்தாள். அவர் பதினோராவது பாரத்தைத் தொடங்கியபோது, 'மூன்று தடவைக்குமேல் சுற்றாதே' என்று ஒரு வரியைச் சேர்த்தாள். பாரம் உள்ளே போய்விட்டது.

அந்த வாரமே சேகரன் மேசையில் நாற்பது விண்ணப்பங்கள் விழுந்தன.

"பழையபடி மாத்தும்மா," என்றார் அவர்.

"எழுத்துல கொடுங்க சார்."

எழுத்தில் கொடுத்தால் அது முடிவெடுத்ததாகிவிடும். சேகரன் வேறு வழியின்றிக் கமிட்டியைக் கூட்டினார். வரிசையில் முதலில் இருந்த மாயாண்டிக்கு வீடு கிடைத்தது.

மறுநாள் தோட்டத்து ஆட்கள் அலுவலகத்தில் திரண்டார்கள். மாயாண்டிக்குப் பக்கத்து வீட்டுக் காளியம்மா முன்னால் நின்றார்.

"மாயாண்டி பதினோரு தடவை நிரப்பினாரு, வீடு கிடைச்சுது. எங்களுக்கு மட்டும் மூணோட முடிச்சிட்டீங்க. ஆள் பார்த்துச் செய்றீங்களா தங்கச்சி?"

"அக்கா, அது நல்லதுக்குத்தான்..."

"எங்களுக்கும் பதினொண்ணு வேணும்."

நாற்பது கையெழுத்துடன் மனு நீட்டப்பட்டது. சேகரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'மக்கள் விருப்பப்படி உடனே செயல்படுத்துக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பவானேஸ்வரி மூன்றை அழித்துப் பதினொன்று என்று போட்டாள்.

எல்லாரும் கைதட்டிவிட்டு வரிசையில் நின்றார்கள்.