பாட்டி என்ற சொல்லோடு வீரம்மா புரிந்த போர்

அருகில் வாருங்கள், என் செல்வங்களே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். முறுக்குத் தட்டு எல்லார் கைக்கும் எட்டட்டும். முடிமன்னர் போர்களைக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். மலேசிய மண்ணில், ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் நடந்த ஒரு பெரும்போரைச் சொல்கிறேன்.

வாழி வீரம்மா! செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கதிரவன் கண்விழிக்குமுன் கூருளி ஏந்தி, நிரைநிரையாய் நின்ற பால்மரப் பெரும்படையின் நடுவே புகுந்து, கொசுக்கணைக்கும் அட்டைக்கடிக்கும் அஞ்சாது பால் கொணர்ந்த திண்தோளாள். தோட்டம் துண்டுதுண்டாய் விற்கப்பட்டபின் புந்தோங்கில் குடியேறி, ஈப்போ பிஸ்கட் தொழிற்சாலையில் டின் அடுக்கிய பெருந்தகையாள். வயது நாற்பத்தாறுதான். ஆனால் வெயில் என்னும் தச்சன் பத்தாண்டு வேலையை அவள் முகத்தில் முன்கூட்டியே முடித்திருந்தான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, சித்திரை மாதத்து ஒரு காலையில், பஸ் படியில் அவள் பொற்பாதம் பதித்த அக்கணம், மீசை முழுதாய் முளையாத கண்டக்டர் ராஜு தன் நாவென்னும் வில்லை வளைத்தான்.

"பாத்து ஏறுங்க பாட்டி. யாராச்சும் பாட்டிக்கு எடம் விடுங்க லா."

கிந்தா ஆறு ஓட்டம் மறந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் நாணிக் குனிந்தன. எழுந்து இடம் விட்டவரோ, எழுபதைத் தாண்டிய அப்பாவு. வீரம்மா வைத்த காலை எடுத்துக் கீழே இறங்கினாள். அன்று மாலை, கணவன் மாயாண்டி முன்னிலையில், எண்திசையும் நடுங்கச் சூளுரைத்தாள்.

"அந்தப் பய வாயாலயே என்னைய அக்கான்னு கூப்பிடணும். அதுவரைக்கும் அவன் பஸ்ஸுல ஏற மாட்டேன்."

"அப்ப வேலைக்கு எப்படிப் போவ?"

"எனக்குக் காலு இருக்கு."

தொடங்கியது போர். நாட்கணக்கில் நீரில் ஊறி, அரைபட்டு, துளித்துளியாய்க் காய்ந்த அரிசிமா மணிகளாம் 'பெடாக் சேஜோக்' என்னும் வெண்படையை மலாய்க்காரர் கடையிலிருந்து திரட்டினாள்; அந்தி சாய்ந்ததும் நீரில் குழைத்து முகமெனும் போர்க்களமெங்கும் நிறுத்தினாள்.

விளக்கைப் போட்ட மாயாண்டி ஓரடி பின்வாங்கினான். "வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். நீ ஒனக்கு அடிச்சிக்கிட்டியா?"

"செவுத்த யாரும் பாட்டின்னு கூப்பிடல."

அடுத்துத் தேத்தண்ணி என்னும் மாயாவி எதிர்ப்பட்டான். கட்டிப்பால் கவசமும் நுரைக்கிரீடமும் தரித்து, ஜைனுலாப்தீன் கடையில் அவன் ஆண்டாண்டாய் அவளை அடிமை கொண்டிருந்தான். வெறுந்தண்ணீர்க் கோப்பையைக் கையிலேந்தி அவனைப் புறங்கண்டாள் வீரம்மா.

"என்னம்மா, வீட்டுல ஏதும் துக்கமா?" என்றார் ஜைனுலாப்தீன்.

"இல்ல பாய். சீனிய நிறுத்திட்டேன்."

"அதைத்தான் கேட்டேன்" என்று அவர் பெருமூச்செறிந்தார்.

குடையைக் கேடயமாக்கி, கீரையையும் பப்பாளியையும் துணைப்படையாக்கி, ஒன்பது மணிக்கே உறக்கமென்னும் பாசறை புகுந்து, காலைதோறும் மாலைதோறும் புந்தோங்குக்கும் ஈப்போவுக்கும் இடையே வெஞ்சினத்தோடு நடந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லாயி, நான்கு வயது இளையவள், பஸ் சன்னலிலிருந்து கூவினாள்: "என்னாக்கா, பஸ்ஸுக்கு ஒம்மேல கோவமா, ஒனக்கு பஸ்ஸு மேல கோவமா?"

நடந்து நடந்து முதுகு நிமிர்ந்தது, மூச்சு சீரானது, கண்ணடியில் குடிகொண்ட கருமை கூடாரம் கலைத்து ஓடியது. புகழ் முழுவதையும் பெடாக் சேஜோக்கே வாங்கிக்கொண்டது. கோபத்துக்கு அதில் பங்குண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை.

தை பிறந்தது. ராஜுவின் தங்கைக்குக் கோயில் மண்டபத்தில் கல்யாணம், தெருவுக்கே அழைப்பு. வெந்தயநிறச் சேலை விளங்க, வெற்றித்தேர் ஊர்வதுபோல வீரம்மா வந்தாள். பின்னே, மூச்சு வாங்கச் செல்லாயி வந்தாள். வாசலில் வேட்டியை மடித்துக் கட்டி நின்ற ராஜு நிமிர்ந்து பார்த்தான். வானோர் பூக்கூடையோடு காத்திருந்தனர். வீரம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்கக்கா" என்றான் அவன்.

பொழிந்தது பூமாரி! முழங்கின முரசங்கள்! வென்றாள் வீரம்மா, வெயிலையும் காலத்தையும் ஒரே களத்தில் வென்றாள்!

"பாட்டி, நீங்க காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து வெத்தல போடுங்க" என்று செல்லாயிக்கு நாற்காலி போட்டுவிட்டு, ராஜு திரும்பினான். "அக்கா, நீங்க நல்லா தெம்பா இருக்கீங்க. பின்னால தேங்கா துருவ ஆளு பத்தல, கொஞ்சம் வாங்களேன்."

"எத்தன காயி?"

"ஒரே ஒரு சாக்குதான்கா."

வீரம்மா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தாள். அதன் கீழே கால் நீட்டிய செல்லாயியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ச் சாக்கின் வாயை அவிழ்த்தாள்.

உங்கள் முகங்கள் வாடாதிருக்கட்டும், என் செல்வங்களே. உங்கள் வாசல்களில் மாவிலை காயாதிருக்கட்டும். உங்கள் குடிகள் ஆலெனத் தழைத்து அருகென வேரோடட்டும். வீட்டில் விசேஷம் வந்தால் தேங்காய் துருவ நாலு பேராவது வரட்டும்.