செக்போஸ்ட் அண்ணனின் கல்யாண மண்டபம்

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களிலேயே தன் நிழலைக்கூட நிறுத்தி வைத்து "எங்க போய்கினு கீற?" என்று விசாரிக்கக் கூடியவர் செக்போஸ்ட் அண்ணன் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைனின் முதல் வீடு அவருடையது. பால், கேஸ், கூரியர், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பதால் வந்த பெயர் இது.

ராணுவத்தில் ஒரு பிரிகேடியருக்கு ஆர்டர்லியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரியின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதிலிருந்து சட்டைக்கு இஸ்திரி போடுவது வரை எல்லாம் அவர் வேலை. இப்போது வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, மே மாத வெயிலிலும் உடம்பில் பட்டாளத்துப் பச்சைக் கோட்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நிற்பார். பிறகு சிலிண்டரை இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறி, தன் எடையைக் கழிப்பார். பாதியில் தன் எடை மீதே சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். சிலிண்டர் கொண்டு வருகிறவர் அதற்குள் படியில் உட்கார்ந்து டிபனே முடித்திருப்பார்.

பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்கும் மோசடிக்காரர்கள் அவருக்கு விருந்து. "எந்த பேங்கு? எந்த கிளை? மேனேஜர் பேரு இன்னா? அவரு கல்யாணம் ஆனவரா?" என்று ஆரம்பித்தால், போனை வைப்பது அவர்களாகத்தான் இருக்கும். ஒரு மோசடிக்காரன் அழாத குறையாக, "சார், நான் தெரியாம பண்ணிட்டேன், விட்டுடுங்க" என்றானாம். அண்ணனுடையது பௌத்தக் குடும்பம். கூடத்தில் கண்ணை மூடிய புத்தர் படம் இருக்கும். "அவரு கண்ண மூடிகினாரு. ஊட்ல ஒருத்தராவது தொறந்து வெச்சிகினு இருக்கணும்ல" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த டோக்கன் பலகை. அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்கு அடியில் போகிறவர்கள் ஆளுக்கொரு டோக்கனோடு இறங்க வேண்டும், மேலே வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் செக்போஸ்ட் அண்ணன் வீட்டில் அந்த முறை மட்டும் மூடவில்லை. உள்ளே நுழைகிற யாரும் வாசல் பலகையிலிருந்து ஒரு தகர டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது மாட்ட வேண்டும். சொந்த மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்தபோதும் டோக்கன் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்.

டோக்கன் இல்லாமல் அந்த வீட்டுக்குள் போன ஒரே ஆள் அந்த பிரிகேடியர். சில வருஷத்துக்கு முன் ஒரு நாள் பெரிய காரில் வந்து இறங்கினார். செக்போஸ்ட் அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, அப்படியே உள்ளே அழைத்துப் போனார். பிரிகேடியர் டீ குடித்தார், சிரித்தார், ஏதோ காகிதங்களில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"டோக்கன் குடுக்கலியாண்ணா?" என்று கேட்டேன்.

"சாப்புக்கா?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி. பிரிகேடியர் அவருக்கு எப்போதும் சாப்தான்.

அந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு. பனிமலையில் இருந்தபோது அப்பா செத்த தந்தி வந்திருக்கிறது. பிரிகேடியரே ஜீப் ஓட்டி அவரை ரயிலேற்றிவிட்டு, தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி இவர் தோளில் போர்த்தினாராம். இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடக் கதை மாறியதில்லை.

போன வருஷம் ஒரு ஜீப் வந்தது. ஒரு மேடம், கூட லேப்டாப்போடு ஓர் உதவியாளர். டெல்லியிலிருந்து வருகிறோம், விசாரணை என்றார்கள். அண்ணன் அடையாள அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தார், நகத்தால் சுரண்டினார், அவர்கள் கொடுத்த நம்பரை நம்பாமல் தானே ஒரு நம்பர் தேடிப் போன் பண்ணிக் கேட்டார். எல்லாம் சரியான பிறகு இருவருக்கும் டோக்கன் கொடுத்தார். மேடம் ஒன்றும் புரியாமல் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க லைனே வாசலில் கூடிவிட்டது.

மேடம் திருச்சிக்காரர். நிதானமாக விஷயத்தைச் சொன்னார். பிரிகேடியர் மேல் கணக்கில் வராத சொத்து விசாரணை நடக்கிறது. சம்பளத்தில் வாங்க முடியாத அளவுக்குச் சொத்து. அதில் கொஞ்சத்தை மற்றவர்கள் பெயரில் வாங்கியிருக்கிறார்.

"தேவனஹள்ளி பக்கம் ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. அது உங்க பேர்ல இருக்குங்க."

அண்ணனின் மனைவி லலிதா அக்கா காபித் தம்ளரோடு அப்படியே நின்றார். "நம்ம பேர்ல மண்டபமா? எம்பொண்ணு கல்யாணத்துக்குத் தெருவுல சாமியானா போட்டு, மழையில பாயசத்துல தண்ணி எறங்கிச்சே" என்றார்.

அண்ணன் பக்கம் திரும்பி மேடம் சொன்னார்: "பயப்படாதீங்க. படிக்காம, ஏமாந்து கையெழுத்துப் போட்டுட்டேன்னு உண்மையைச் சொன்னா நீங்க சாட்சி. உங்களுதுன்னு சொன்னா அவரோட சேர்ந்து நீங்களும் குற்றவாளி. பென்ஷனுக்கே ஆபத்து."

அண்ணன் வாசலைப் பார்த்தார். பால்காரர், இஸ்திரிக்காரர், நான், எல்லோரும் நின்றிருந்தோம். இத்தனை வருஷமாக யாரையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாரோ, அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். ஏமாந்துவிட்டேன் என்று இந்தக் கூட்டத்தின் முன்னால் எப்படிச் சொல்வார்?

"மண்டபம் என்னுதுதான்" என்றார்.

"எப்படி வாங்குனீங்க?"

"மிச்சம் புடிச்சி."

"எத்தனை பேர் உட்காரலாம் அந்த மண்டபத்துல?"

"வர்றவங்கள பொறுத்து" என்றார்.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரம் லைன் முழுக்க சந்தேகம்தான். ஊரையே சோதனை போட்ட மனிதரை ஊர் சோதனை போட்டது. "இத்தினி உஷாரா இருக்கும்போதே நெனச்சேன்" என்றார் ஒருவர். சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மணல் மேட்டுப் பக்கம் அவர் மண்வெட்டியோடு போனதைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனால், தங்கக் கட்டியைப் புதைத்திருக்கிறாராமே என்று காய்காரம்மா என்னிடமே கேட்டார். எனக்கும் சந்தேகம் வந்ததை மறைக்க மாட்டேன். அந்தக் கோட்டு ஏன் அவ்வளவு கனமாகத் தொங்குகிறது என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன்.

மூன்றாம் நாள் லலிதா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"ஜெயிலுக்குப் போறேன்னு ஒத்த கால்ல நிக்கறாருபா. 'திருடன்னு சொல்லட்டும், ஏமாந்த சோணகிரின்னு எவனும் சொல்லக் கூடாது'ங்கறாரு. ஊர்ல அவர ஏமாத்தாத ஆளே கெடையாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியாது."

"அதையே மேடத்துகிட்ட சொல்லிடலாமே அக்கா" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். யோசனை அங்கேதான் பிறந்தது.

மேடம் மறுபடி வந்தபோது அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லத் தயாராக இருந்தோம். எல்லோரும் ஒழுங்காக டோக்கன் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தோம். அண்ணன் கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் விறைப்பாக இருந்தார்.

முதலில் பூதிகோட்டையிலிருந்து வரும் பால்காரர் முனியப்பா. "நிஜ ஹேள்தீனி மேடம்" என்று கன்னடத்தில் சத்தியம் பண்ணிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "அண்ணன் தினம் அந்தக் கண்ணாடிக் குழாய பால்ல வுட்டு தண்ணி கீதான்னு பாப்பாரு. வுட்டுப் பாக்கறது மொத கேனு. நான் ஊத்தறது ரெண்டாவது கேனு."

அண்ணனின் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

அடுத்தது நான். பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து காலம் தள்ளியவன். அடுத்தவர் பேப்பரை எட்டிப் பார்த்துப் படித்துப் பழகியவன் என்பதால் பொய் சுலபமாக வந்தது. "மூணு வருஷமா இவர் வீட்டுப் பேப்பரை நான்தான் முதல்ல படிக்கிறேன் மேடம். படிச்சிட்டு மடிச்சுத் திரும்ப வாசல்ல போட்டுடுவேன். கண்டுபிடிச்சதே இல்லை" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று அண்ணன் முணுமுணுத்தார். "சேதியெல்லாம் ஆறிப் போயிருக்கும்."

கடைசியாக லலிதா அக்கா. "பீரோ சாவிய தலகாணிக்கு அடில வெச்சிகினுதான் தூங்குவாரு மேடம். பீரோவுக்குப் பின்பக்கத் தகடே கெடையாது. கழண்டு வுழுந்து பல வருஷமாச்சு. எனக்கு வேணுங்கறத நான் அந்தப் பக்கமாதான் எடுக்கறேன்."

லேப்டாப் உதவியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அக்கா முடிக்கவில்லை. "இவரு வெகுளி மேடம். கொழந்த மாதிரி. யாரு இன்னா சொன்னாலும் நம்பிடுவாரு."

அந்த ஒரு வார்த்தையை அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"வெகுளியா? நானா? எல்லாம் சேந்துகினு புளுகறீங்க. எழுதிக்கங்க மேடம். எம்மாம் பேர பாத்திருக்கேன். என் ஆயுசுல என்ன ஏமாத்துனவன் ஒரே ஒருத்தன்தான்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. மேடம் அவசரப்படவில்லை.

"யாருங்க அது?"

அவர் உட்கார்ந்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். வாசலில் யாரோ பேச வாயெடுக்க, லலிதா அக்கா கையமர்த்தினார்.

"சாப்" என்றார் அண்ணன்.

அப்புறம் தானாகவே சொன்னார். "காகிதத்த அவரே புடிச்சிகினு, இங்க போடு, இங்க போடுன்னாரு. இன்னா சாப் இதுன்னு கேட்டிருக்கணும். சிலிண்டர்காரன கேக்கறேன், மாப்பிளய கேக்கறேன். அவர கேக்கல. எங்கப்பா செத்தப்ப கோட்ட கழட்டி போத்துன மனுசன எப்டிமா கேக்கறது?"

எங்களில் யாருக்கும் தலை நிமிரவில்லை. ஏமாந்தவர் என்று நிரூபிக்கத்தான் கூடியிருந்தோம். நிரூபணமானபோது கையிலிருந்த டோக்கனைத்தான் நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் எல்லாவற்றையும் பதிவு செய்து, வாசித்துக் காட்டினார். அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அவர் சாட்சியானார். பென்ஷன் தப்பியது. பிரிகேடியர் வழக்கு டெல்லியில் இன்னும் நடக்கிறது. மண்டபத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று லலிதா அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மேடம் மட்டும் முதல் நாள் வாங்கிய டோக்கனைத் திருப்பித் தரவில்லை. அது கைப்பையோடு டெல்லிக்குப் போய்விட்டது. பலகையில் ஓர் ஆணி காலி. கணக்குப்படி மேடம் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று அண்ணன் புலம்புவார். ஒரு நாள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "சாப்புக்கு டோக்கனே குடுக்கலியா, அவரு எப்ப வெளிய போனாருன்னே தெரியல" என்றார்.

"அப்புறம் எதுக்குண்ணா இந்தக் கோட்டு? கழட்டிப் போடறதுதானே" என்றேன்.

"ஏமாத்துனது வேற, கோட்டு வேற. குளுருதுல்ல" என்றார். அன்றைக்கு நல்ல வெயில்.

இப்போது அவருக்குப் புதிய தொல்லை. அன்று நாங்கள் சொன்னதில் எது நிஜம், எது அவருக்காகச் சொன்ன பொய் என்று தெரியவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்தார். அது நிஜம். முனியப்பாவின் இரண்டு கேனிலும் கண்ணாடிக் குழாயை விடுகிறார். முனியப்பா மூன்றாவது கேன் கொண்டு வருவதாகத் தகவல். என் விஷயம்தான் அவருக்குத் தீரவில்லை.

"நிஜமா சொல்லு. பேப்பர் படிச்சியா, படிக்கலியா?"

"சத்தியமா படிக்கலண்ணா. உங்களுக்காகச் சொன்ன பொய்."

"நம்ப மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார். பிரிக்காத பேப்பரை என் மடியில் போட்டு, "படி. எப்படிப் படிக்கறன்னு பாக்கறேன்" என்று எதிரே உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். நான் பக்கம் திருப்பத் திருப்ப, கண்ணெடுக்காமல் கவனிக்கிறார். என் மனைவி கொடுக்கும் காபியை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறார். ஏழு மணி தாண்டியும் அந்த நாற்காலியை இழுத்து வரும் சத்தம் கேட்கவில்லை என்றால், இப்போதெல்லாம் சந்தேகம் வருவது எனக்குத்தான். எழுந்து போய், டோக்கன் எடுத்துக்கொண்டு, அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.