பட்டினி எலியின் தொப்பை

"இது பட்டினி கிடந்த எலியா? தொப்பையைப் பாருங்க!" என்றார் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம்.

"தராசுல ஏதோ கோளாறு மேடம்," என்றார் எலி டாக்டர்.

"தொப்பை என் கண்ணுக்கே தெரியுது. அதுக்குத் தராசு வேறயா?"

எலி டாக்டர் என்பது மாமனார் வீட்டில் வைத்த பெயர். டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை, எலி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. ஆறு வருடமாக அவர் செய்யும் ஆராய்ச்சி கேட்பதற்கு எளிதுதான். வயிறு காய்ந்தால் உடம்பில் கவலை ஹார்மோன் ஏறும். உடனே மூளை, 'சாப்பாடு வரக் காணோம், அடுப்பைத் தணித்து வை' என்று தைராய்டுக்குச் சொல்லி அனுப்பும். தைராய்டும் மந்தமாகிவிடும். இதை எலிகளிடம் காட்டிவிட்டால் பட்டம் கையில். அவருடைய எலிகளோ தைராய்டில் ஒரு குறையும் இல்லாமல், விருந்து முடிந்த சம்பந்திகளைப் போலக் கூண்டுக்குள் சாய்ந்து கிடந்தன.

"மாசக் கடைசிக்குள்ள தைராய்டு அளவு இறங்கணும். இல்லேன்னா உங்க தலைப்பையே ரத்து பண்ணிடுவேன்," என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

ஆராய்ச்சியில் இறங்கிய நாளிலிருந்தே கவலையில் எலி டாக்டருக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை, இப்போது சுத்தமாக நின்றுபோயிற்று. மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவை எலி அறை மேஜையில் திறப்பார், தொப்பைகளைப் பார்ப்பார், மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். சாயங்காலம் பார்த்தால், கூண்டு கழுவும் அக்கா டப்பாவைக் காலி செய்து பளபளவென்று துலக்கி வைத்திருப்பார். வீட்டில் திட்டு வாங்காமல் அவர் பிழைத்தது அந்த அக்காவால்தான்.

"டப்பா காலியா வருது. நீங்க மட்டும் ஒட்டடைக்குச்சி ஆயிட்டு வர்றீங்க. பத்தலையா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா, பத்தலை," என்றார், வேறு வழியில்லாமல்.

மறுநாள் டப்பா இரண்டடுக்காக வந்தது. அந்த வாரம் எலிகள் இன்னும் கொழுத்தன.

தராசை மாற்றினார். எலிகளையே மாற்றினார். புது எலிகளும் வந்த வேகத்தில் உருண்டு திரண்டன. பொறாமை பிடித்த எவனோதான் உள்ளே புகுந்து தீனி போடுகிறான் என்று முடிவுகட்டி, பூட்டையும் மாற்றி, சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

"அக்கா, ஈ காக்கா உள்ள வரக் கூடாது. இந்த எலிங்கதான் என் உசுரு."

"தெரியும் தம்பி. நீங்க படற பாட்டைத்தான் தெனமும் பாக்கறேனே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அக்கா.

பூட்டு மாறியும் தொப்பை குறையவில்லை. குறைந்தது எலி டாக்டர்தான். கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டார். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. நின்றபடியே தூங்கினார்.

"ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க," என்றாள் மனைவி.

"நானே டாக்டர்தானே?"

"அது எலிக்கு!"

ரோஷம் வந்துவிட்டது. எலி ரத்தம் பார்க்கிற கருவியிலேயே, கடைசிக் குழாயில், யாருக்கும் தெரியாமல் தன் ரத்தத்தையும் வைத்துவிட்டார்.

மாசக் கடைசி. மேடம் கருவியின் திரையில் முடிவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு எலிக்கும் உதட்டைப் பிதுக்கினார். ஆறு வருடமும் போச்சு என்றே நினைத்தார் எலி டாக்டர். கடைசி வரிக்கு வந்ததும் மேடம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அட்டகாசம்! கவலை ஹார்மோன் உச்சத்துல இருக்கு. தைராய்டு சுருண்டு படுத்துடுச்சு. மூளையும் அதைத் தட்டி எழுப்பல! இத்தனை நாளா இதைத்தானே கேட்டேன்? எந்தக் கூண்டு எலி இது?"

எலி டாக்டர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி, ஊசி குத்திய இடத்தைக் காட்டினார். "கூண்டுல இல்ல மேடம்... அது நான்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எதுக்குய்யா பட்டினி கிடந்தீங்க?"

"எலி கொழுக்குதேங்கற கவலைதான் மேடம்."

"சரி, எலி எதுக்குக் கொழுக்குது?"

வாசலில் வாளியோடு நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இதென்னம்மா கேள்வி? தம்பி வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அந்த ஜீவனுங்களுக்குன்னு டப்பாவை அப்படியே வெச்சுட்டுப் போறாரு, ஒரு பருக்கைகூட வீணாகாம தெனமும் நான்தானே ஊட்டிவிடறேன்!"